நாலு இன்ச்சா, ஆறு இன்ச்சா?

வடசென்னையின் மாத்தூர், மணலி பக்கத்து ஆட்களுக்கு என்ஃபீல்டு என்றால் புல்லட் வண்டிதான். 1950-களில் திருவொற்றியூரில் ஆலை வந்ததிலிருந்து இந்த வட்டாரத்தில் அது வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். பழைய வண்டிகளில் சின்னமாக இருக்கும் பீரங்கியையும், துப்பாக்கியைப் போலச் செய்தது என்ற பொருளில் வரும் விளம்பர வாசகத்தையும் பலர் பார்த்திருப்பார்கள். அது வெறும் ஜம்பம் இல்லை. இங்கிலாந்தில் ரெட்டிச் ஊர் சைக்கிள் கம்பெனி ஒன்று, என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கி ஆலைக்கு நுட்பமான உதிரிபாகங்கள் செய்து கொடுத்தது. அந்த உறவில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் ராயல் என்ஃபீல்டு.

பெயர் கொடுத்த அந்த அரசு ஆலை, பெரிய தோட்டா போடும் ரிவால்வர் ஒன்றைச் செய்து தோற்றுப் போன கதையை மட்டும் யாரும் வண்டியில் எழுதி வைக்கவில்லை. 1880-ல் வந்த .476 என்ஃபீல்டு ரிவால்வருக்குக் குழல் ஏறத்தாழ ஆறு அங்குலம், எடை ஒரு கிலோவுக்கு மேல். குழலைக் கீழே சாய்த்தால் சிலிண்டர் முன்னால் நகரும். காலித் தோட்டாக்களின் விளிம்பைப் பின்னாலிருக்கும் நட்சத்திரத் தகடு பிடித்துக்கொள்ள, அவை ஒவ்வொன்றாகக் கீழே விழ வேண்டும். ஐந்து விழும், அடியில் இருக்கிற ஆறாவது மாட்டிக்கொள்ளும். அதை விரலால் நோண்டி எடுத்துக்கொண்டிருக்க எதிரி நேரம் கொடுப்பானா? ஏழே வருஷத்தில் ராணுவம் பர்மிங்ஹாம் ஊர் வெப்லி கம்பெனியிடம் போய்விட்டது.

வெப்லியின் .455 மார்க் 1, 1887-ல் ஏற்கப்பட்டது. ரசிக்க வேண்டியது அதன் திறப்பை. சுத்தியலுக்குப் பக்கவாட்டில் இருக்கும் கொக்கியின் நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும், குழலும் சிலிண்டரும் சேர்ந்து முன்பக்கம் மடியும். மடிகிற அந்த ஒரே அசைவில் நடுவிலிருந்து நட்சத்திரத் தகடு எழும்பி ஆறு காலித் தோட்டாக்களையும் ஒன்றாக வெளியே தள்ளும். மடிப்பு முழுதாக முடியும் தறுவாயில் தகடு 'டக்'கென்று தன் இடத்துக்குத் திரும்பிவிடும். அடுத்த ஆறு தோட்டாக்களுக்கு அறைகள் தயார். மூடும்போது கொக்கி தானாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் சுத்தியல் தோட்டாவில் அடிக்காதபடி அந்தக் கொக்கியே குறுக்கே நிற்கும். ஒரே பாகம் பூட்டாகவும் காவலாகவும் வேலை செய்கிறது. லேத்திலும் வைஸிலும் காலம் கழித்த ஃபிட்டர் யாரும் இதைப் பார்த்தால் ஒரு நிமிஷம் தலையாட்டாமல் நகரமாட்டார்.

இவ்வளவு பெரிய தோட்டா எதற்கு என்ற கேள்விக்கான பதில் அத்தனை ரசிக்கத் தக்கதல்ல. அது நம் ஊர் சம்பந்தப்பட்டது. 1857 எழுச்சியில், பாய்ந்து வரும் ஆளை .36 கோல்ட் நேவியின் சின்னக் குண்டு நிறுத்துவதில்லை என்று ஆங்கில அதிகாரிகள் பேசிக்கொண்டார்கள். தடித்த குண்டு போடும் ஆடம்ஸ் ரிவால்வருக்கு மவுசு ஏறியது. பிறகு கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதக் கிடங்கில், உடம்பில் பட்டதும் மலர்ந்து விரியும் ரைஃபிள் குண்டு பிறந்தது. அதே எண்ணத்தில் .455 ரிவால்வருக்கும் 1898-ல் முனை குழிந்த குண்டு ஒன்று வந்தது. மறு ஆண்டு ஹேக் மாநாடு விரியும் குண்டுகளுக்கு எதிராகத் தீர்மானித்ததும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வெப்லியின் வேலைப்பாட்டை ரசிக்கிற இந்தியர், அதன் துவாரத்தின் அளவு யாருடைய நெஞ்சை நினைத்து முடிவானது என்பதை மறந்துவிட்டு ரசிக்க முடியாது.

இனி குழலின் நீளம். வெப்லியின் ராணுவ மாடல்களுக்கு வழக்கமான குழல் நாலு அங்குலம். 1915 மே மாதம் வந்த மார்க் 6-க்கு ஆறு அங்குலம் கொடுத்தார்கள், பிடியையும் சதுர அடிப்பாகமாக மாற்றினார்கள். இரண்டு அங்குலம் கூடியதால் குண்டு பேய் வேகத்தில் பறந்ததா? இல்லை. .455-இன் குண்டு சுமார் 17 கிராம் எடை, வேகம் விநாடிக்கு 190 மீட்டர் அளவில்தான். கனத்த குண்டு, கொஞ்சம் வெடிமருந்து. அந்த மருந்து நாலு அங்குலத்துக்குள் தன் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடும். மிச்சக் குழல் தருவது வேறு இரண்டு லாபங்கள். பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையில் தூரம் கூடுவதால் குறிபார்ப்பதில் நேரும் சின்னப் பிசகு கண்ணுக்குத் தெரியும், திருத்திக்கொள்ளலாம். முனையில் எடை கூடுவதால் சுட்டதும் குழல் மேலே எகிறுவது குறையும்.

இதற்கு விலை இடுப்பில் கட்ட வேண்டும். பதுங்குகுழியில் உட்கார்ந்து எழும் அதிகாரிக்கு ஆறு அங்குலம் தொடையில் இடிக்கும், உறையிலிருந்து உருவ நேரமாகும். குழலின் இரு பக்கமும் சிலிண்டருக்கு முன்னால் சின்னச் சிறகு மாதிரி புடைத்திருக்கும் துண்டுகளை வெப்லி வைத்தது உறைக்காகத்தான். உறைக்குள் திரும்பப் போகும்போது சிலிண்டரின் விளிம்பு தோலில் மாட்டாமல் வழிவிடும். படத்தில் பார்ப்பவர்கள் அலங்காரம் என்று நினைப்பார்கள். மார்க் 6 குழலின் முனையில் மாட்ட பிரிச்சர்ட் என்ற கேப்டன் ஒரு கத்தி முனையே வடிவமைத்தார். ரிவால்வருக்குத் துப்பாக்கிச் சனியன்! அதிகாரிகள் சிலர் காசு கொடுத்து வாங்கவும் செய்தார்கள்.

நீளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு. சிலிண்டர் சுழல வேண்டுமானால் அதன் முகத்துக்கும் குழலின் பின்வாய்க்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். நல்ல ரிவால்வரில் அது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கும். வண்டியின் டேப்பெட்டுக்கு மெக்கானிக் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்பதுபோல இதையும் அளப்பார்கள். ஒவ்வொரு வெடியிலும் வாயு அதன் வழியாகச் சீறிக் கசியும். இடைவெளி அகலமான ஆறு அங்குலக் குழலைவிட, நெருக்கமாகப் பொருந்திய நாலு அங்குலக் குழல் குண்டை வேகமாக அனுப்பிய உதாரணங்கள் உண்டு. ஆகவே தேர்ந்த கை முதலில் அளப்பது நீளத்தை அல்ல.

சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு ரிவால்வர் என்றால் கோல்ட்தான். 1873-இன் அந்த .45 கோல்ட்டுக்கு மூன்று நீளங்கள் பிரசித்தம். ஏழரை அங்குலம் குதிரைப்படைக்கு. அது வீரரின் இடுப்பு உறையில் இருந்தாலும் நடப்பது குதிரை. ஐந்தரை, பீரங்கிப் படை மாடல் என்று பேர் வாங்கியது. நாலேமுக்கால், ஊருக்குள் இடுப்பில் கட்டித் திரிகிறவர்களுக்கு. துப்பாக்கி எங்கே குடியிருக்கப் போகிறது என்பதே நீளத்தைத் தீர்மானித்தது.

மேக்னம் தோட்டாக்கள் வந்த பிறகு கணக்கு கொஞ்சம் மாறியது. மெதுவாக எரியும் மருந்தை நிறைய அடைப்பதால் அது முழுதாக எரிய நீளம் வேண்டும். அங்கே ஒவ்வொரு அங்குலமும் வேகத்தில் தெரியும். ஸ்மித் அண்ட் வெஸன் 1935-ல் .357 மேக்னத்தை வெளியிட்டபோது, மூன்றரை முதல் எட்டேமுக்கால் அங்குலம் வரை கேட்ட நீளத்தில் செய்து, வாங்கியவர் பெயரில் பதிந்து கொடுத்தது. தையற்காரரிடம் அளவு கொடுப்பதுபோலத்தான். அமெரிக்க ஜெனரல் பேட்டன் தேர்ந்தது தந்தப் பிடி போட்ட மூன்றரை. 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் நீட்டிய .44 மேக்னத்துக்கு ஆறரை. திரைக்கு அது அழகு. நாள் முழுக்க இடுப்பில் சுமப்பவருக்கு நாலுதான் சரி. 2003-ல் வந்த .500 மேக்னத்தின் எட்டே கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமான குழல் கொண்ட மாடல் இரண்டு கிலோ எடை. அதைக் கைத்துப்பாக்கி என்று சொல்வதைவிடக் கையிலும் பிடிக்கக்கூடிய துப்பாக்கி என்று சொல்லலாம்.

மற்ற அம்சங்களில் ரசிகர்கள் சண்டை போடுவது ஃபாஸ்பெரி பற்றித்தான். 1863-ல் வடமேற்கு எல்லைப் போரில் விக்டோரியா சிலுவை வாங்கிய இந்த ராணுவ அதிகாரி, சுட்ட அதிர்விலேயே குழலும் சிலிண்டரும் பின்னால் வழுக்கிச் சென்று சுத்தியலை ஏற்றும் ரிவால்வரைக் கற்பனை செய்தார். சிலிண்டரின் மேல் நெளிநெளியாக ஓடும் பள்ளத்தில் ஒரு முளை நகர்ந்து அதைச் சுழற்றும். 1901 முதல் வெப்லி அதைச் செய்தது. அறிவுக்கு விருந்து, ஆனால் பள்ளத்தில் சேறு புகுந்தால் கதை முடிந்தது. எதிர்த்துருவம், 1938-இன் .38 என்ஃபீல்டு. டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது மாட்டுகிறது என்று சுத்தியலின் கொண்டையையே வெட்டி எடுத்துவிட்டார்கள். பார்க்க மொட்டையாக இருக்கும். ஆனால் தேவை தெரிந்து குறைத்த வேலை, ஃபாஸ்பெரியைவிட உயர்ந்தது.

இந்தியாவில் .455-ஐ ஆசைப்பட்டு உரிமம் கேட்க முடியாது. .380, .455 விளிம்புத் தோட்டா போடும் ரிவால்வர்கள் ஆயுத விதிகளின்படி தடைசெய்யப்பட்ட வகை. பொதுமக்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் .32. கான்பூரில் 2014-ல் வந்த நிர்பீக், வெப்லி வழியில் மடிந்து திறக்கும், டைட்டானியக் கலவையில் அரைக் கிலோ அளவில் இருக்கும். 2023-ல் வந்த பிரபல், சிலிண்டரைப் பக்கவாட்டில் திறக்கும். குழல் 76 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம். நீளக் குழலின் அருமை தெரிய வேண்டுமானால் விளையாட்டுக்குத்தான் போக வேண்டும். 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில் குழலுக்கு உச்சவரம்பு 153 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட மார்க் 6-இன் அதே ஆறு அங்குலம். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்தப் பிரிவில்தான்.

எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலகத்தில் 2021-ல் திறந்த போலீஸ் அருங்காட்சியகத்தில் ஆயுதங்களும் காட்சிக்கு உண்டு. போகிறவர்கள் எந்த ரிவால்வர் முன்னால் நின்றாலும் குழலின் நீளத்தை அப்புறம் பார்க்கலாம். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலிருக்கும் அந்த மெல்லிய கோட்டைக் குனிந்து முதலில் பாருங்கள்.