மூன்று உருளை செய்வதும் செய்யாததும்

டை வைத்து வளைக்கும் மிஷினுக்கு ஓர் ஆரம்தான் தெரியும். 25 மி.மீ. குழாய்க்கென 75 மி.மீ. ஆரத்தில் டை கடைந்துவிட்டால், எத்தனை குழாய் போட்டாலும் அதே வளைவுதான். சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் நாற்காலிச் சட்டத்துக்கும் அது போதும். சுழல் படிக்கட்டின் கைப்பிடி, அலையலையாய்ப் போகும் பால்கனிக் கிராதி என்று வளைவு இடத்துக்கு இடம் மாறும் வேலை வந்தால் மூன்று உருளை மிஷினைத்தான் தேட வேண்டும். 'எந்த ஆரம் கேட்டாலும் வரும்' என்பது அதன் புகழ். அதில் பாதிதான் உண்மை.

இரண்டு உருளைகள் குழாயைத் தாங்க, நடு உருளை எதிர்ப்பக்கமிருந்து அழுத்துகிறது. குழாயில் சாக்பீஸ் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டியபடி உருட்டினால் அகன்ற வளைவு மெல்ல ஒடுங்கும். எங்கே மாறியது என்று கண்ணுக்குத் தெரியாது. குழாய்க்கும் வலி குறைவு. வெளிச்சுவர் எவ்வளவு நீள்கிறது என்பதைக் குழாயின் பாதி விட்டத்தை ஆரத்தால் வகுத்து அறியலாம்: மேற்சொன்ன டையில் சுமார் 17 சதவீதம்; உருளையில் 500 மி.மீ. ஆரத்துக்கு வளைத்தால் வெறும் 2.5. அதனால்தான் அகன்ற வளைவுகளுக்கு குழாய் நசுங்காமல் உள்ளிருந்து தாங்கும் மாண்ட்ரல் தண்டைச் செருகாமலே பெரும்பாலும் சமாளிக்க முடிகிறது.

ஆனால் டைக்குள் இருந்த துல்லியம் இங்கே ஆளின் கண்ணுக்கு இடம் மாறிவிடுகிறது. அழுத்தத்தை விட்டதும் குழாய் கொஞ்சம் நிமிரும். எவ்வளவு என்பது சுவரின் கனத்தையும் உலோகத்தையும் பொறுத்தது. சாதா இரும்பைவிட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அதிகமாகவே நிமிரும். போன லோடில் சரியாக வந்த அளவு இந்த லோடில் வராது. தரையில் வளைவை வரைந்து, குழாயை அதன்மேல் வைத்து, மறுபடி உருட்டி, மறுபடி வைத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஒரு கைப்பிடியை அழகாகச் செய்துவிடலாம்; அதற்கு ஜோடியாக இன்னொன்று செய்யும்போதுதான் சோதனை. அவசரப்பட்டு ஒரே ஓட்டத்தில் அழுத்தினால் மெல்லிய குழாய் தட்டையாகும். இரு முனைகளிலும் வளையாத நேர்த்துண்டு நிற்கும். அதை வெட்டி எறிய வேண்டியதுதான். மதிப்பீட்டில் இந்தச் சேதாரத்தை எழுத மறப்பவர்கள் ஏராளம்.

சுழல் படிக்கட்டில் மிஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. பிழை பெரும்பாலும் கணக்கில். வரைபடத்தில் 1.5 மீட்டர் ஆரம் என்றிருந்தால் அப்படியே வளைத்துவிடுகிறார்கள். கைப்பிடி ஏறிக்கொண்டே போவதால் அதன் உண்மையான வளைவு அதைவிட அகலம். 30 பாகைச் சரிவில் ஆரம் 2 மீட்டர். போதாததற்குக் குழாய் ஏற்றத்துக்கேற்ப ஒரே தளத்தை விட்டு விலகியும் போக வேண்டும். பக்கவாட்டில் தள்ளும் வழிகாட்டி உருளை இல்லாத மிஷினில் அதைக் கையால் தூக்கிப் பிடித்துத்தான் கொண்டுவர முடியும்.

மணல் நிரப்பிச் சூடாக்கி வளைக்கும் பழைய முறையை இதற்கு மாற்றாகச் சிலர் சொல்கிறார்கள். இறுக்கமான வளைவுக்கு அது நல்ல வழிதான். மணலில் ஈரம் இருந்தால் ஆவி அடைப்பைத் தெறிக்கவைக்கும், ஜி.ஐ. குழாயாக இருந்தால் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். நீளமான கைப்பிடிக்கு அந்த ஆபத்து தேவையில்லை. அகன்ற பகுதியை உருளையில் ஓட்டி, முனைச் சுருளை மட்டும் டையில் வளைத்து, வெல்டிங் வைத்துத் தேய்த்துவிடலாம். ஒட்டு இருக்கக்கூடாது என்பவர்களுக்கு இது பிடிக்காது. உருளையால் எட்ட முடியாத ஆரத்தை அதனிடம் கேட்டு நசுங்கிய குழாயை வாங்குவதைவிட, பாலிஷுக்குப் பிறகு தெரியாத ஓர் ஒட்டு எவ்வளவோ மேல்.