துறந்தவரும் இழந்தவரும்

காட்டையே இல்லமாகக் கொண்ட ஒரு சமுதாயத்தைக் கற்பனையில் படைத்தவர்களுள் ஜே. ஆர். ஆர். டோல்கீன் தனியிடம் பெறுகிறார். 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில், எல்ஃப் எனப்படும் மூப்பறியா மக்கள் லோத்லோரியன் என்னும் பொன்னிலைக் காட்டில், உயர்ந்த மரங்களின்மீது தளம் அமைத்து வாழ்கின்றனர். அக்காடு வாடாதிருப்பது அரசி கலாட்ரியல் அணிந்துள்ள மோதிரத்தின் வல்லமையால். அனைத்தையும் ஆளவல்ல தீய மோதிரம் அவளுக்கு அளிக்கப்படுகையில் அவள் அதை மறுக்கிறாள். அது அழிந்தால் தன் காட்டின் பொலிவும் மங்கும் என்பதை அறிந்தே மறுக்கிறாள். காலத்தை நிறுத்திவைக்க விழைந்ததே எல்ஃப் மக்களின் குறை என்று டோல்கீனே தம் கடிதங்களில் கருதினார்.

இக்கதையைப் பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தோடு இணைத்து, தம்மை வெறுமையாக்குதலுக்குச் சான்றாகப் பிரசங்கிப்பது எளிது. ஆயின், தமிழ்நாட்டின் மெய்யான காட்டுச் சமுதாயம் ஒன்றை அருகில் வைத்து நோக்கினால் நாம் சற்றுத் தயங்க வேண்டியவர்களாகிறோம்.

ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ 2004இல் வெளிவந்தது. சத்தியமங்கலம் மலைக்காடுகளில் வாழும் சோளகர் என்னும் பழங்குடியினரின் வாழ்வே அந்நாவலின் பொருள். முற்பகுதியில் தேனும் வேட்டையும் ராகி விளைச்சலும் தெய்வ வழிபாடும் கொண்ட ஊர் நம்முன் எழுகிறது. இங்கும் காடு உடைமையன்று, உறவே. பிற்பகுதியில், வீரப்பன் தேடுதல் வேட்டையின் பெயரால் அவ்வூர் மக்கள் முகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்டு வதைக்கப்படுகின்றனர். வதைகளை அடுக்கும் வேகத்தில் கதைமாந்தரின் உள்ளம் சில இடங்களில் மறைந்துவிடுகிறது என்பதை ஒரு குறையாகக் கூறலாம். எனினும், சாட்சியத்தின் கடமையை அந்நாவல் கைவிடவில்லை.

இரு நூல்களும் ஒரு காட்டுவாழ்வின் மறைவைப் பற்றியவையே. வேறுபாடு யாதெனில், கலாட்ரியலின் கையில் வல்லமை இருந்தது. அவள் அதைத் துறந்தாள். சோளகரிடமோ துறப்பதற்கு வல்லமை ஏதுமில்லை, இருந்தது பறிக்கப்பட்டது. முன்னதைத் தியாகம் என்கிறோம். பின்னதற்கும் அப்பெயரையே சூட்டி, பொறுமையைப் போதிப்போமாயின் பறித்தவனுக்கே துணைபோகிறோம். காட்டில் வாழ்வோருக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே அறிக்கையிட்டது. அரசின் சட்டம் அறிக்கையிட்டதை நம் பிரசங்கபீடங்கள் மழுப்பலாகாது.

கீழ்க்கட்டளையை அடுத்த நன்மங்கலம் காப்புக்காட்டைச் சூழ வீடுகள் பெருகியுள்ளன. அங்கு வாழும் நம்மனோர்க்கு மனிதரற்ற பசுமையே காடாகத் தோன்றுகிறது. எல்ஃப் மக்களை நாம் எளிதில் நேசிப்பதன் காரணமும் இதுவே: அவர்கள் நம்மிடம் நிலப்பட்டா கேட்பதில்லை. நம் மாணவர்கள் இரு நூல்களையும் பயிலட்டும். ஆனால் ‘சோளகர் தொட்டி’யை முதலில் பயில்வார்களாக.