வங்கிவழித் தசமபாகம்: ஓர் இறையியல் திறனாய்வு

நம் சபைகளில் காணிக்கை செலுத்தும் முறை அண்மை ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. யு.பி.ஐ. என்னும் கைபேசிவழிப் பணப் பரிமாற்ற முறை 2016-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், அன்று வழக்கிலிருந்த 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. பின்னர் 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோயின் பொருட்டு ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்டபோது, சபையின் வங்கிக் கணக்கு எண்ணும் கியூ.ஆர். குறியீடும் வீடுதோறும் அனுப்பப்பட்டன. கதவுகள் மீண்டும் திறந்தன. ஆனால் அக்குறியீடு அகலவில்லை. இன்று அது ஆலய வாயிலிலும், அறிவிப்புப் பலகையிலும், சிலவிடங்களில் பிரசங்க பீடத்தின் அருகிலும் ஒட்டப்பட்டிருக்கக் காண்கிறோம்.

இதனைக் குறித்து நம்மிடையே இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. காலத்தோடு ஒட்டி நடப்பதே அறிவுடைமை என்பார் ஒருசாரார். சந்தை ஆலயத்துக்குள் புகுந்துவிட்டது என வருந்துவார் மற்றொரு சாரார். இரு சாராரும் கருவியைப் பற்றியே வாதிடுகின்றனர். கொடுப்பவர் எங்கே நின்று கொடுக்கிறார், யாரோடு கூடிக் கொடுக்கிறார் என்னும் வினாக்களை இருவருமே எழுப்பக் காணோம். அவ்வினாக்களைத் திருமறையின் ஒளியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நிகழ்ச்சி

ஆராய்ச்சிக்கு முன் ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் வேண்டும். கற்பிக்கும் பணியோடு நாம் ஞாயிறுதோறும் ஊழியம் செய்துவந்த ஒரு சேகரத்தில், 2021-இல் ஆலயம் திறக்கப்பட்டபின், காணிக்கைப் பை எடுப்பதைச் சிலகாலம் நிறுத்திவைப்பது எனச் சபைக் குழு தீர்மானித்தது. ஒரே பை பல கைகளுக்கு மாறுவது நோய்க்கு ஏதுவாகலாம் என்பது கூறப்பட்ட காரணம். அத்தீர்மானத்தில் நாமும் கையொப்பமிட்டோம்.

மூன்றாம் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் பீடி சுற்றிப் பிழைக்கும் முதிய தாயார் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று பத்து ரூபாய் நாணயங்களை மேசைமேல் வைத்து, “ஐயரே, எங்க காசு இனிமே கோயில்ல செல்லாதா?” என்று கேட்டார். அரசு செல்லாதென அறிவித்த தாள்களை அவர் முன்பு கண்டவர். இப்போது திருச்சபையும் அவ்வாறே அறிவித்துவிட்டதென அவர் எண்ணிக்கொண்டார். அவர் கையில் கைபேசி இருந்தது. அது பேசுவதற்கு மட்டுமே பயன்படுவது. அவருக்கு விடையளிக்க நம்மிடம் சொல் இல்லை. அடுத்த ஞாயிறே பை மீண்டும் எடுக்கப்பட்டது. எனினும் அவர் கேட்ட கேள்வி நம்மை விட்டு நீங்கவில்லை.

தொலைவும் பணமும்

தசமபாகத்தைப் பற்றிய வேதப்பகுதிகளுள் நம் பிரசங்கங்களில் மிகுதியாக எடுத்தாளப்படுவது மல்கியா 3-ஆம் அதிகாரம். அதனினும் இப்பொருளுக்கு நெருங்கியது உபாகமம் 14:22-29 ஆகும். தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடுமாடுகளின் தலையீற்று ஆகியவற்றை ஆண்டவர் தெரிந்துகொண்ட இடத்துக்குக் கொண்டுவருமாறு அங்கே கட்டளையிடப்படுகிறது. வழி நெடியதாயிருந்தால் அவற்றைப் பணமாக்கிக்கொள்ளலாம் என்னும் சலுகையும் அளிக்கப்படுகிறது. ஆகவே காணிக்கையின் வடிவம் மாறுவதைத் திருமறை தடுக்கவில்லை.

ஆயினும் அச்சலுகையின் எல்லையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பணமாக மாற்றியவன் அதனைப் பிறர் கையில் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடலாம் என அப்பகுதி கூறவில்லை. அவன் பணத்தோடு தானும் புறப்பட வேண்டும். அவ்விடத்தில் தன் வீட்டாரோடு உண்டு மகிழ வேண்டும். தன் ஊரிலுள்ள லேவியனை மறக்கலாகாது. மூன்றாம் ஆண்டின் பாகமோ லேவியனோடு அந்நியரும் திக்கற்றோரும் விதவைகளும் உண்டு திருப்தியடைவதற்கென ஊரிலேயே வைக்கப்பட வேண்டும். பொருளைச் சுமக்கும் பாரம் குறைக்கப்பட்டது. பயணமும் பந்தியும் குறைக்கப்படவில்லை.

வெளிநாட்டில் உழைத்து, மாதந்தோறும் தன் சொந்தச் சபைக்குத் தசமபாகம் அனுப்பும் சகோதரனுக்கு இப்பகுதியின் சலுகை முற்றிலும் பொருந்தும். படுக்கையிலிருக்கும் நோயாளிக்கும் அவ்வாறே. தொலைவிலிருந்த எருசலேம் சபையின் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்து அனுப்பப் பவுல் அப்போஸ்தலரே ஏற்பாடு செய்தார் (1 கொரிந்தியர் 16:1-4). ஆனால் ஆலயத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி வாழ்பவர், பணம் போய்ச் சேர்ந்துவிட்டதென்று தாம் வராதிருக்கும்போது, சலுகை அதன் எல்லையைக் கடந்துவிடுகிறது. மக்கெதோனியா சபையார் முதலாவது தம்மையே கொடுத்தனர் எனப் பவுல் எழுதும் வரிசையை (2 கொரிந்தியர் 8:5) நாம் தலைகீழாக்கலாகாது.

காணிக்கையும் நாவின் அறிக்கையும்

உபாகமம் 26-ஆம் அதிகாரத்தில் முதற்பலனைக் கொண்டுவருபவன் கூடையைக் கொடுத்துவிட்டு வாளா திரும்புவதில்லை. முன்னோர் பட்ட அடிமைத்தனத்தையும், ஆண்டவர் அளித்த விடுதலையையும், பெற்ற நிலத்தையும் தன் வாயாலேயே அறிக்கையிடுகிறான். காணிக்கையும் அறிக்கையும் ஒரே செயலின் இரு கூறுகளாக அங்கே அமைந்துள்ளன. தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் முதன்முதல் பயன்படுத்திய திருவிருந்து ஆராதனை முறையில், மக்களின் காணிக்கையும் அப்பமும் திராட்சரசமும் சேர்த்துக் கொண்டுவரப்படுவதை நாம் அறிவோம். உழைப்பின் பலன் திருப்பந்தியோடு ஒன்றாக வைத்து எண்ணப்படுவதே இதன் கருத்து எனலாம்.

மாதந்தோறும் தானாகவே பணம் கழிக்கப்படும் ஏற்பாட்டில் இவ்வறிக்கைக்கு இடம் ஏது? அவ்வேற்பாடு மறதியைத் தடுக்கும் என்பது மெய்யே. ஆனால் காணிக்கையை மறவாத அவ்வேற்பாடு, அதனைத் தந்தவரைத் தம் காணிக்கையை மறக்கச் செய்யவும் கூடும்.

இதனினும் ஆழ்ந்த சிக்கல் ஒன்றுண்டு. காணிக்கை செலுத்த வந்தவன் தன் சகோதரனுக்குத் தன்பேரில் குறையுண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும் என ஆண்டவர் கற்பித்தார் (மத்தேயு 5:23-24). பீடத்தை நோக்கி நடக்கும் அந்தச் சில அடிகளில்தான் மனச்சாட்சி விழிக்கிறது. பங்காளியோடு வரப்புத் தகராறு உள்ளவரும், மருமகளோடு பேசாதிருப்பவரும் அங்கே நின்று திரும்ப வழியுண்டு. ஐந்தாம் தேதி தோறும் கணக்கிலிருந்து தானே கழியும் பணம் யாருக்காகவும் நின்று திரும்புவதில்லை.

மறைவும் வெளிச்சமும்

வங்கிவழிக் காணிக்கையின் தலையாய நன்மை கணக்கின் தூய்மை. எண்ணும்போது குறைந்ததென்றும், எழுதும்போது மாறியதென்றும் நம் சபைகளில் எழுந்த பூசல்கள் கொஞ்சமல்ல. தம் பொறுப்பிலிருந்த பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றஞ்சாட்டாதபடி பவுல் கவனம் கொண்டதை (2 கொரிந்தியர் 8:20-21) இங்கே நினைவுகூரலாம். அவ்வகையில் வங்கிக் கணக்கு வரவேற்கத்தக்கதே.

ஆனால் அதே வெளிச்சம் கொடுப்பவர் மேலும் விழுகிறது. எருசலேம் ஆலயத்தில் கொம்பு வடிவான 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்தன என யூதரின் மிஷ்னா நூல் கூறுகிறது. பக்தியுள்ளோர் மறைவாக இட்டுச் செல்லவும், நற்குடியிற் பிறந்து வறுமையுற்றோர் மறைவாக உதவி பெறவும் தனி அறை ஒன்று இருந்ததாகவும் அந்நூல் குறிப்பிடுகிறது. கொடுப்பவரின் அடக்கமும் பெறுபவரின் மானமும் அங்கே ஒருங்கே காக்கப்பட்டன.

நம் காணிக்கைப் பையும் இத்தகைய மறைவிடமே. கை உள்ளே செல்வதைப் பக்கத்திலிருப்பவர் காண்பார்; அது கொண்டுசென்றதைக் காணார். ஐந்நூறு ரூபாய்த் தாளும் ஐந்து ரூபாய் நாணயமும் ஒரே இருளில் விழுகின்றன. அந்த வாரம் ஒன்றுமில்லாத ஏழையும் மூடிய வெறுங்கையை உள்ளே விட்டெடுத்து, வெட்கமின்றி அமர்ந்திருக்க முடியும். வங்கி அறிக்கையிலோ பெயரும் தொகையும் நாளும் வரிசையாக நிற்கின்றன.

இங்கே நம் குறை ஒன்றை அறிக்கையிடுதல் தகும். அவ்வறிக்கையைச் சிலமுறை பார்த்தபின், வீடு சந்திக்கச் செல்லும்போது இன்னார் இவ்வளவு கொடுத்தவர் என்னும் எண்ணம் நம் மனத்தில் முந்தி வரக் கண்டோம். ஒரு வீட்டில் செபம் நீண்டது, மற்றொன்றில் சுருங்கியது. அதன்பின் அறிக்கையைப் பார்ப்பதை விட்டோம். சங்கக் காணிக்கைக்கு ரசீது எழுதுவதும், பெயரையும் தொகையையும் அறிவிப்பதும் வங்கி முறைக்கு முன்பே நம்மிடையே இருந்தவை என்பதும் உண்மையே. பழைய நோயைப் புதிய கருவி விரைவுபடுத்தியது, அவ்வளவே.

செய்யத்தக்கவை

இவ்வாராய்ச்சியினின்று சில நடைமுறைகள் பெறப்படுகின்றன. முதலாவது, சபையார் அனைவரும் வங்கிவழியே கொடுத்தாலும் காணிக்கைப் பை ஆராதனையில் நின்றுவிடலாகாது. அது ஏழையின் இருக்கை. இரண்டாவது, வங்கிவழியே கொடுத்தோர், தொகை எழுதப்படாத சிறு அட்டையொன்றைப் பையில் இட்டுத் தம் காணிக்கையையும் பீடத்துக்கு அனுப்பலாம். இங்கிலாந்தில் சில சபைகள் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளன. மூன்றாவது, வங்கி அறிக்கையைப் பொருளாளரும் தணிக்கையாளரும் பார்ப்பது போதுமானது, ஆயர் பார்க்கலாகாது. சபைக்கு மொத்தத் தொகை மட்டும் அறிவிக்கப்படுக. நான்காவது, தானியங்கி ஏற்பாடு செய்தோர் ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகையன்று அதனைச் செபத்தோடு மறுபடியும் நிச்சயித்துப் புதுப்பிப்பாராக. ஐந்தாவது, கியூ.ஆர். குறியீட்டுக்கு ஆலய முகப்பு தக்க இடம். பீடத்தின் பக்கம் அதற்கு இடமில்லை.

கி.பி. 155-ஐ ஒட்டி ஜஸ்டின் என்னும் இரத்தசாட்சி, தம் காலத்து ஞாயிறு ஆராதனையை விவரிக்கும்போது, வசதியுள்ளோர் மனமுவந்து அளித்தவை சபைத் தலைவரிடம் வைக்கப்பட்டுத் திக்கற்றோர், விதவைகள், நோயுற்றோர், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோருக்குப் பயன்பட்டதாக எழுதுகிறார். ஆராதனைக்கு வர இயலாதோருக்குத் திருவிருந்தின் பங்கைத் தீயாக்கோன்மார் வீட்டுக்கே எடுத்துச் சென்றனர் என்றும் அவர் கூறுகிறார். வராதவரிடமிருந்து காணிக்கையைப் பெறும் வழியை நம் சபைகள் இன்று நன்கு கற்றுக்கொண்டுள்ளன. அவரிடத்துக்கு அப்பத்தை எடுத்துச் செல்லும் வழியிலும் அதே ஊக்கம் காட்டுகின்றனவா என்பதை ஒவ்வொரு சேகரமும் தன்னைக் கேட்டுப் பார்க்கட்டும்.

மேற்கூறிய தாயார் இன்றும் வருகிறார். பை அவரிடம் வரும்போது முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். அவருடைய காசு செல்லும் இடமாக நம் ஆலயங்கள் இருக்குமளவும், வங்கிவழியே வரும் பணமும் காணிக்கையாகவே வந்து சேரும்.