காலந்தாழ்ந்து வந்த துணை

ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி தம் தமக்கை எஸ்தருக்கு எழுதிய நெடுமடல், நோயிலக்கியத்தில் தனியிடம் பெற்றது. 1811 செப்டம்பர் 30 அன்று, பாரிசில் அவரது இல்லத்திலேயே, மார்பகப் புற்றுநோய்க்காக அவருக்கு அறுவை நடந்தது. மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. கத்தோலிக்கரான கணவர் தார்பிளே அவ்வேதனையைக் காணலாகாதென்று, அவர் வெளியே இருக்கும் வேளையில் அதை முடிக்கப் பர்னி ஏற்பாடு செய்தார். மகனையும் அகற்றிவிட்டார்.

குடும்பத்தின் துணை என்றதும் படுக்கையருகே நிற்போரையே எண்ணுகிறோம். இங்கோ நோயாளியே தம்மவரைத் தாங்குகிறார். இதைத் தியாகமெனப் போற்றி நின்றுவிட நமக்கு மனமில்லை. அத்தனிமையின் விலையை மடலே சொல்கிறது: எழுதி முடிக்கப் பல மாதங்கள் ஆயின, எழுதியதைத் திரும்பப் படிக்கவும் அவருக்குத் துணிவில்லை.

மடலில் கணவரும் சில வரிகள் சேர்த்துள்ளார். இவ்விவரங்களை அப்போதுதான் அறிந்ததாக அவர் கலங்குகிறார். மடலின் உயிர்நிலை இதுவே என்போம். சிலுவையடியில் நின்ற அன்னை மரியா வலியை நீக்கவில்லை, உடனிருந்தார். தார்பிளேக்கு அப்பேறு வாசகராகவே வாய்த்தது.

பர்னி 1840 வரை வாழ்ந்தார். நம் இல்லத்துத் தாய்மார் "ஒன்றுமில்லை" என்று புன்னகைக்கையில், அச்சொல்லை நம்பி நாம் அகன்றுவிடாதிருப்போமாக.