அசைபடத்திற்கான கோப்பு வடிவம்: ஜிஃப் பழக்கம் குறித்து

அடுத்தடுத்துக் காட்டப்படும் பல படச்சட்டங்களை ஒரே கோப்பில் கொண்டது அசைபடம் ஆகும். இணையத்தில் அசைபடம் என்றாலே ஜிஃப் என்று கொள்ளும் பழக்கம் நிலைத்துவிட்டது. அது எங்கும் திறக்கும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். பாடங்களுக்கான விளக்கப்படங்களில் இப்பழக்கத்தின் செலவைப் படத்தை உருவாக்கியவர் ஏற்பதில்லை. கைப்பேசித் தரவில் அதைத் திறக்கும் மாணவரே ஏற்கிறார்.

ஜிஃப் வடிவத்தை கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987இல் வெளியிட்டது. சட்டங்களுக்கு இடையிலான கால அளவைக் குறிக்கும் வசதி 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. தான் அசைவூட்டத்திற்கான தளமாகக் கருதப்படவில்லை என்று அப்பதிப்பின் வரையறையே கூறுகிறது. முடிவின்றிச் சுழலும் வசதி பின்னர் நெட்ஸ்கேப் உலாவி சேர்த்த நீட்சி.

செம்பருத்தி விரிவதைப் படம்பிடித்த ஒரு காட்சியை ஜிஃப்பாக மாற்றுவதாகக் கொள்வோம். ஒரு சட்டத்திற்கு 256 நிறங்களே கிடைக்கும் என்பதால், இதழின் மென்மையான நிறமாற்றத்தை மென்பொருள் புள்ளிகளைத் தூவி ஈடுசெய்யும். ஜிஃப்பின் சுருக்கமுறையோ ஒரே மாதிரித் திரும்பிவரும் வரிசைகளை நம்பியிருப்பது. தூவிய புள்ளிகள் அந்த வரிசைகளைக் குலைக்கின்றன. மேலும், கேமராவின் இரைச்சலால் அசையாத பின்னணியும் சட்டத்திற்குச் சட்டம் சற்றே மாறுவதால், முந்தைய சட்டத்தின் பகுதிகளை அப்படியே விட்டுவைக்கவும் இயலாது. விளைவு: தரம் குறைந்தும் கோப்பு பெருக்கிறது. காணொளி வடிவங்கள் இதற்கு மாறானவை. எது எங்கே நகர்ந்தது என்பதைக் கணித்து, வேறுபாட்டை மட்டுமே பதிவதால் அவற்றின் கோப்பு பன்மடங்கு சிறியது. ட்விட்டர் 2014இல் ஜிஃப் பதிவேற்றத்தை அனுமதித்தபோது அவற்றை எம்பி4 ஆகவே மாற்றிக் காட்டியதும் இதனால்தான். படம்பிடித்த காட்சிக்கு ஜிஃப் பொருந்தாது என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

ஆனால் எல்லாவற்றிற்கும் காணொளியே போதும் என்பதும் சரியன்று. பிஸ்டன் ஏறி இறங்குவதைக் காட்டும் எஞ்சின் வரைபடத்தில் மெல்லிய கோடுகளும் எழுத்துகளும் உண்டு. காணொளிச் சுருக்கம் நிற விவரத்தைப் பொதுவாகப் பாதி நுணுக்கத்தில் சேமிப்பதால், வெள்ளைப் பின்னணியில் சிவப்புக் கோடு கலங்கித் தெரியும். இழப்புச் சுருக்கத்தில் சேமித்த வெப்பிக்கும் இதே குறை உண்டு. அதன் இழப்பற்ற முறைக்கு இல்லை. சில நிறங்களே கொண்ட சிறிய வரைபடத்திற்கு ஜிஃப் இன்றும் போதுமானது.

பல நிறங்களோ அரைகுறை ஒளிபுகும் விளிம்புகளோ வேண்டுமெனில் ஏபிஎன்ஜி ஏற்றது. மொசில்லா பொறியாளர்கள் 2004இல் முன்மொழிந்த இவ்வடிவத்தை பிஎன்ஜி குழு 2007இல் நிராகரித்தது. குரோம் உலாவி 2017இல்தான் ஏற்றது. பிஎன்ஜி தரவரையறைக்குள் சேர்ந்தது 2025இல். இத்தாமதத்தின் தழும்பு இன்னும் உள்ளது: இவ்வடிவத்தை அறியாத மென்பொருளில் மறுசேமித்தால், எச்சரிக்கை ஏதுமின்றி முதல் சட்டம் மட்டுமே மிஞ்சும். பதிவேற்றியபின் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

கோப்பளவை மட்டுமே ஒப்பிடும் கட்டுரைகள் தவறவிடும் ஒன்று உண்டு. தானாக ஓடத் தொடங்கி, பிற உள்ளடக்கத்துடன் ஐந்து நொடிக்கு மேல் நீடிக்கும் அசைவை நிறுத்த வழி வேண்டும் என்கிறது இணைய அணுகல்தன்மை வழிகாட்டி. ஜிஃப், ஏபிஎன்ஜி, வெப்பி ஆகிய மூன்றிலும் நிறுத்தும் பொத்தான் இல்லை. அசைவால் தலைசுற்றல் வருவோருக்கு மட்டுமன்றி, எந்த வால்வு எப்போது திறக்கிறது என்று நிறுத்திப் பார்க்க விரும்பும் மாணவருக்கும் இது தடையே. படிநிலைகளை விளக்கும் அசைபடம் எனில், கோடு சற்றுக் கலங்கினாலும், கட்டுப்பாட்டுப் பொத்தான்களுடன் கூடிய காணொளியே சிறந்த தேர்வு.