கதாயுதமும் உம்மாவின் கண்ணீரும்

பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) புதுச்சேரி நாடகக் குழுவொன்றின் கதை. காதல் பற்றி நாடகம் தயாரிக்க முனையும் இளைஞர்கள், ஒத்திகைகளுக்கிடையே தமது காதல்களையே விவாதத்துக்கு வைக்கிறார்கள். தமிழக அரசியல் மேடைகளில் தலித் இளைஞர்களின் காதலை இழிவுபடுத்த 'நாடகக் காதல்' என்றொரு சொல் புழங்குகிறது. அந்த வசைச்சொல்லையே நெறியாளர் உண்மையான நாடகமாக்கிவிடுகிறார். 'லவ் ஜிஹாத்' என்ற அவதூறைக் கேட்டுப் பழகிய நமக்கு இதன் வலி புதிதல்ல.

ரெனேயும் (துஷாரா விஜயன்) இனியனும் (காளிதாஸ் ஜெயராம்) பிரியும் தொடக்கக் காட்சி சிறப்பானது. இளையராஜா பாடலில் தொடங்கும் சிறு பிணக்கு, சாதியைக் குத்திக்காட்டும் சொல்லில் போய் முடிகிறது. தன்னை முற்போக்காளன் என்று நம்புகிறவனின் வாயிலிருந்தே அது வருகிறது.

ஆயினும் படத்தின் உயிர் அர்ஜுன்தான் (கலையரசன்). சினிமா நடிகனாகும் ஆசை ஒன்றே அவனைக் குழுவுக்குக் கொண்டுவருகிறது. அவனிடம் கேள்விகள் கிடையாது; வேண்டியது வாய்ப்பு மட்டுமே. போதையில் ரெனேயிடம் அத்துமீறுகிறான். அதன் பின்னரும் குழுவில் அவனுக்கு இடமிருக்கிறது. நடிப்புப் பழக வந்தவன் மெல்ல மெல்ல மனிதனாகப் பழகுகிறான். மாறாக, ரெனே முதற்காட்சியிலேயே முழுமை பெற்றவள். அரசியல் தெளிவு அவளுக்குண்டு. ஆனால் கலையில் அவள் எதை எட்ட விரும்புகிறாள் என்று படம் கேட்கவேயில்லை. ஆணுக்கு இலட்சியமும் பெண்ணுக்குக் கொள்கையும் என்ற இந்தப் பங்கீடு ரஞ்சித்திடம் எதிர்பார்க்காதது.

இன்னொரு குறை, இறுதியில் கதாயுதத்தோடு புகுந்து நாடகத்தைக் குலைப்பவன். குறியீடு என்று கொண்டாலும் அவன் கேலிச்சித்திரமாகவே நிற்கிறான். 'இவன் நானல்ல' என்று எவரும் நிம்மதியாக எழுந்து போகலாம். அர்ஜுனின் வீட்டுக் காட்சியிலோ அப்படித் தப்ப முடியாது. அங்கே ஆயுதமில்லை, தாயின் அழுகையும் மிரட்டலும் மட்டுமே. மகன் தளர்ந்துபோக அவை போதும்.

இப்படம் முன்வைக்கும் எல்லா உறவுகளையும் நமது வாசகர் ஏற்கமாட்டார். அது தனி விவாதம். ஆனால் அந்த வீட்டுக் காட்சியை நாம் தள்ளிவைக்க முடியாது. தெமட்டகொடையிலிருந்து மருதானை டவர் மண்டபம் நடைதூரம். 1911இல் திறக்கப்பட்ட அரங்கு அது. நமது மகள் ஒருத்தி அங்கே நடிக்க ஆசைப்பட்டால் கதாயுதம் ஏந்தி எவரும் வரத் தேவையில்லை. 'உம்மாட முகத்தைப் பார்' என்று வாப்பா சொன்னாலே போதும். நம்மீது வீசப்படும் அவதூறைக் கண்டிக்கும் நாம், நமது வீட்டுக்குள் அன்பின் பெயரால் நடக்கும் இந்தத் தடுப்பையும் எழுதவேண்டும். அதை எழுதும் துணிவு நமது கதைகளில் இன்னும் போதாது.