வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி

புதுச்சேரியின் வில்லியனூரை நடுவமாக வைத்து, கணினி வழியே கிராமங்களுக்குச் சேதி கொண்டுசேர்க்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கணினியில் தொடங்கி, 2001இல் கிடைத்த ஸ்டாக்ஹோம் விருதில் முடிப்பார்கள். எனக்கு அதில் பிடித்தது கணினி வந்து இறங்குவதற்கு முந்தைய கட்டம். பயன்படுத்தப் போகிறவரைக் கேட்டறிந்து ஒரு பொருளை வடிவமைக்கக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் இந்தக் கட்டத்தை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஊர்களில் முதலில் விசாரித்தது, தேவையான சேதிகள் இப்போது யார் வழியாக வருகின்றன என்பதைத்தான். உள்ளூர்க் கடைக்காரர், சந்தை, விதையும் உரமும் விற்கிறவர் என்று பதில் வந்தது. கணினி வேண்டுமா என்று கேட்டிருந்தால், வீடு தேடி வந்தவரின் மனம் கோணாமலிருக்கவே பலரும் தலையாட்டியிருப்பார்கள். அன்றாடம் நடப்பதைக் கேட்டபோது மரியாதைக்காகப் பதில் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. அந்தப் பதிலுக்குள் ஒரு குறையும் தெரிந்தது: உரம் விற்கிறவரிடமே உர விலையைக் கேட்டறியும் விவசாயிக்கு, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது குரல் இல்லை. தானிய விலை, இடுபொருள் விலை, அரசு நலத்திட்டங்களின் பட்டியல் எல்லாம் தமிழில் திரட்டப்பட்டதன் காரணம் இங்கே இருக்கிறது.

அடுத்தது இடம். கணினி நிற்கும் தகவல் மையத்துக்கு ஊர்தான் இடம் தர வேண்டும் என்றார்கள். எந்தச் சாதியாரும் தயங்காமல் நுழையக்கூடிய பொது இடமாக அது இருக்க வேண்டும். எம்பலம் என்ற ஊரில் கோயில் வளாகத்தில் மையம் அமைந்தது. நடத்தியவர்கள் உள்ளூர்ப் பெண்கள். ஒரு கருவியை யார் தொடலாம் என்பதை, அது நிற்கும் வாசற்படி பாதி தீர்மானித்துவிடுகிறது. திரையின் வண்ணத்தையும் பொத்தானின் அளவையும் பற்றி மணிக்கணக்கில் பேசும் வடிவமைப்பு வகுப்புகளில் வாசற்படிக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத இடங்களுக்கு வானொலி அலைவழித் தொடர்பும், மின்வெட்டுக்குச் சூரிய மின்சாரமும் கொடுத்தார்கள்.

நான் மிகவும் ரசிப்பது கடலோர மீனவ ஊரான வீராம்பட்டினத்தைத்தான். மீனவர்களுக்குக் காற்றையும் நீரோட்டத்தையும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கரையில் நின்று பார்த்தால் தெரியாத ஒன்று உண்டு: நாளை நடுக்கடலில் அலை எவ்வளவு உயரம் எழும்? அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் வங்காள விரிகுடாவுக்கும் சேர்த்து அந்த முன்கணிப்பை வெளியிட்டுவந்தது. வில்லியனூரில் அதை இறக்கி, தமிழில் குரலாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். கடைசி அடியில்தான் கைத்திறன் தெரிகிறது. அந்தச் சேதி திரையில் நின்றுவிடாமல், கரையோர ஒலிபெருக்கிகளில் ஏறியது. வலை பின்னுகிறவருக்குக் கை ஓயாது, கண்ணும் வலையில்தான். காது மட்டும் சும்மா இருக்கிறது. படிக்கத் தெரியாதவருக்கும், மையத்துக்குள் நுழையக் கூச்சப்படுகிறவருக்கும், படகை இறக்கப் போகிறவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே சேதி. கேட்பவர் எங்கே எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்த்தவருக்கே இது தோன்றும்.

வேறொரு கடலோர ஊரான நல்லவாட்டிலும் இப்படியொரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் சுனாமி பற்றித் தொலைபேசியில் எச்சரித்தபோது, மையத்தின் பூட்டை உடைத்து அதே ஒலிபெருக்கியில் ஊரைக் கிளப்பினார்கள். ஊர் உயிர் தப்பியது. அந்த ஒலிபெருக்கியில் கடல் சேதி வருவது அவர்களுக்குப் பழக்கம். அதனால் அன்று, ஒலிப்பது என்ன, நம்பலாமா என்று யோசித்து நிற்கும் நிலை அவர்களுக்கு வரவில்லை.